சகலைக்கு ஒதுக்கிய இடம்

சகலை தன் கம்ப்யூட்டருக்கு அறுபத்துநாலு ஜிபி மெமரி வாங்கி, அதைப் பொருத்தித் தர என்னைக் கூப்பிட்டார். என்னுடையதில் எட்டுதான். அதை வைத்துத்தான் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறேன். அவரோ கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுவார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

மெமரி நிரம்பி வழிந்தால் தாங்கிக்கொள்ள டிஸ்கில் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும். அதற்கு ஸ்வாப் என்று பெயர்.

"அது எவ்வளவு வைக்கணும் சகல?" என்றார்.

அவர் ஆடும் சீட்டுக்கு நாலு ஜிபியே அதிகம். ஆனால் மெமரியைப் போல இரண்டு மடங்கு என்று அந்தக் காலத்துக் கணக்கு ஒன்று உண்டு.

"நூத்தி இருபத்தெட்டு. அவ்வளவு இடமும் வேற எதுக்கும் உதவாது. என்ன பண்றது" என்றேன், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

"வச்சுட்டுப் போங்க. டிஸ்க்ல நாலாயிரம் ஜிபி சும்மாதான கெடக்கு" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து என் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மொத்த டிஸ்கே நூற்றிருபது ஜிபி. மெமரியின் எட்டையும் சேர்த்தால், அவருக்கு வீணாகட்டும் என்று நான் ஒதுக்கிய இடம் சரியாக நிரம்பும்.