சுவர்ச் சவரம்

ஹார்லன் ஃபால்ஸ் நகரில் தோல் ஆலை மூடப்பட்ட மறு வருடம், ஏப்ரல் மாதத்தில், ஆற்றோரத் தெரு வீடுகளின் உட்சுவர்களில் முடி முளைத்தது. பெரும்பாலும் பழுப்பு. வெர்னா சோப்சாக்கின் சமையலறையில் மட்டும் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக வந்தது.

காரணம் விளங்காததல்ல. ஆலைக்கு வரும் பச்சை மாட்டுத்தோலை முதலில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். சுண்ணாம்பு மயிர்க்காலைத் தளர்த்திவிடும். பிறகு மழுங்கிய கத்தியால் வழித்தால் முடி சதைப்பிசினோடு கொத்துக்கொத்தாக வந்து விழும். அதை நன்றாக அலசிக் காயவைத்துச் சுவர்ப்பூச்சில் கலந்தால் பூச்சு வெடிக்காது. தொழிலாளர்களுக்கு வீடு கட்டியபோது நிர்வாகம் அலசும் செலவை மிச்சம் பிடித்தது. வேரும் பிசினுமாகவே முடி சுவருக்குள் போயிற்று. ஆலை ஓடியவரை காற்றில் மிதந்த சுண்ணாம்புத் தூள் அதை அடக்கி வைத்திருந்தது. ஆலை நின்றதும் காற்று சுத்தமாயிற்று.

நனைந்த மாட்டின் நாற்றம் ரொட்டியில்கூட ஏறியது. கணவனை இழந்த வெர்னா, ஒஹாயோவில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தாள். இதை விற்றால்தான் அது கிடைக்கும். அவள் புகார் சொன்னதும் ஆலையை வாங்கிய நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் வந்து, மூக்கைப் பொத்தியபடி வாசலிலேயே நின்றான்.

“வெறும் ஈரப்பதந்தான் மேடம்.”

“ஈரப்பதத்துக்கு உண்ணி வருமா தம்பி? ஒங்க காலர்ல ஒண்ணு ஏறுது பாருங்க.”

ஆகஸ்டில் ஓர் இளம் தம்பதி வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் வரும் நாள் காலை வெர்னாவும் அவள் தம்பி லியோவும் சவரக்கத்தியோடு சுவர்களை வழிக்க இறங்கினார்கள்.

“அக்கா, அடிவயித்த நீயே வழிச்சிரு. எனக்குக் கொமட்டுது.”

“செவுத்துக்கு ஏதுடா அடிவயிறு?”

“ஜன்னலுக்குக் கீழ. தொட்டுப் பாரு.”

தொட்டாள். வெதுவெதுவென்று தொளதொளத்தது. வினிகரால் துடைத்து, நாற்றம் மறைய எலுமிச்சைக் கேக் ஒன்றை அடுப்பில் வைத்தாள்.

வந்தவர்களுக்கு வீடு பிடித்துப்போயிற்று. கணவன், “நல்ல கெட்டிச் செவுரு” என்று ஒரு தட்டு தட்டினான். விலாவில் ஈ உட்கார்ந்தால் மாடு தோலை மட்டும் சுழித்து உதறுமே, அப்படி உதறியது சுவர். அவன் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தான். மனைவி அதற்குள் காரில் ஏறியிருந்தாள்.

ஒஹாயோ வீட்டில் வேறு யாரோ குடியேறினார்கள். செப்டம்பரில் ஈக்கள் வந்தன. வழித்த சுவரில் மறைப்பில்லாததால் நேராகத் தோலிலேயே மொய்த்தன. சுவர் சிலிர்த்த சிலிர்ப்பில் அலமாரித் தட்டுகள் கிணுகிணுத்தன. வெர்னா சூப்புக் கரண்டியை வைத்துவிட்டு, பாத்திரம் துடைக்கும் துணியால் ஈக்களை விசிறி ஓட்டினாள்.

“சனியனே, ஆடாம நில்லு.”

சுவர் நின்றது. மறுநாள் அந்தத் துணிக்கென்று ஓர் ஆணி அடித்தாள். சுவரில் அடிக்கவில்லை, கதவில் அடித்தாள்.