கடைசிக் கூட்டுச் சோதனை

இரண்டு நாட்டு அமைச்சர்களும் கைகுலுக்கிக்கொண்டே இருந்தார்கள். விட்டால் கை கழன்று வந்துவிடும் போலிருந்தது. தொலைக்காட்சியில் காலையிலிருந்து அதையேதான் காட்டினார்கள். நடுநடுவே, இத்தனை நாள் பகையாக இருந்த நாட்டின் நடனக் குழு விமானத்திலிருந்து இறங்கியது. பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த தூதரகக் கிளையின் கதவுக்கு ஒருவர் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இனிமே அவங்க ஊர் ஆப்பிளை இங்க சோதிக்கவே வேணாமாமே? அங்கயே பார்த்து சீல் வெச்சு அனுப்பிடுவாங்களாம்."

"ம்."

"அப்போ உன் ஆளு?"

"என் ஆளா? யாருடி என் ஆளு?"

"எனக்கென்ன தெரியும். நான் பச்சப்புள்ள." தங்கை டம்ளரை நீட்டினாள். "ரெண்டு நாடும் ராசியாயிடுச்சு, ஊரே சந்தோஷமா இருக்கு. நீ ஒருத்திதான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருக்க."

துறைமுகத்தில் பூச்சி ஆய்வாளராக இருக்கும் அக்கா செருப்பை மாட்டினாள். கணவன் இறந்த பிறகு தங்கையோடுதான் இருக்கிறாள். தங்கைக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாததையெல்லாம் அவளே தெரிந்துவைத்திருப்பாள்.

இரண்டும் பெரிய நாடுகள். சண்டை ஆரம்பித்தது ஆப்பிளில். அங்கிருந்து வந்த பெட்டிகளில் உயிருள்ள வண்டுகள் இருந்ததாக இவர்கள் பழத்தை நிறுத்தினார்கள். அது வீண் பழி என்று அவர்கள் இங்கிருந்து போன இயந்திரங்களை நிறுத்தினார்கள். பிறகு மாணவர்களுக்கு விசா நின்றது, பாட்டுக் கச்சேரிகள் நின்றன, நேரடி விமானம் நின்றது. கடைசியில் அரைமனதாக ஓர் ஏற்பாடு வந்தது. பழம் வரலாம், ஆனால் ஒவ்வொரு கண்டெய்னரையும் இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து நின்றுதான் திறக்க வேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் சீலைத் தொடக்கூடாது.

அப்படித்தான் அந்த நாட்டு ஆய்வாளராக அவர் இந்தத் துறைமுகத்துக்கு வந்தார். ஒருவரையொருவர் சந்தேகப்படுவதற்காகவே நியமிக்கப்பட்ட இருவர், ஒரே மேசையில், ஒரே விளக்கின் கீழ், தோளோடு தோள் குனிந்து வேலை பார்த்தார்கள். பாதி நாள் பேச்சே இருக்காது. லென்ஸை இவள் நீட்டுவாள், அவர் வாங்குவார். அவ்வளவுதான். அந்த மௌனத்தைப் போல ஒன்று தன் கல்யாண வாழ்க்கையில்கூட இருந்ததில்லை என்று அவளுக்கு எப்போதாவது தோன்றும். தோன்றியதும் அடுத்த பழத்தை எடுத்துவிடுவாள்.

அவர் இந்த மொழியைச் சுமை தூக்குபவர்களிடம் கற்றுக்கொண்டவர். அதனால் துறைமுக இயக்குநரையே ஒருமுறை "தள்ளிக்கோ அண்ணே" என்றார். சுமை தூக்குபவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'வெளிநாடு'. நடுவில் அவருக்கு ஊர்ப்பக்கம் மாற்றல் வந்தது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். யார்டு சூப்பர்வைசர்தான் அவளிடம் சொன்னார். ஏன் என்று அவள் அந்த ஆய்வாளரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இன்று வந்திருப்பது பழைய ஏற்பாட்டின்படி வந்த கடைசிக் கண்டெய்னர். இதில் உயிருள்ள பூச்சி ஒன்று கிடைத்தால் புது ஒப்பந்தம் தள்ளிப்போகும். கூட்டுச் சோதனை இன்னொரு பருவம் தொடரும். கிடைக்காவிட்டால் அவர் கிளம்ப வேண்டியதுதான். இது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"வாங்க பூச்சி மேடம்," என்றார் சூப்பர்வைசர். "சட்டுபுட்டுனு முடிச்சு விடுங்க. வெளியில டிவிக்காரன் கேமராவோட நிக்கிறான்."

அந்த நாட்டு ஆய்வாளர் ஏற்கெனவே கையுறை மாட்டி நின்றிருந்தார். இருவரும் சீலைப் பிடித்தார்கள், அவள் வெட்டினாள். குளிர்காற்றும் பழ வாசனையும் முகத்தில் மோதின. பெட்டிகள் மேசைக்கு வந்தன. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எதைத் தேடுகிறோம், கிடைக்க வேண்டுமென்றா கிடைக்கக்கூடாதென்றா என்று தன்னையே கேட்டுக்கொள்ளப் பயமாக இருந்தது.

ஒரு பழத்தின் காம்புக் குழியில் அது இருந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வண்டு. கால்களை மடக்கி மல்லாந்து கிடந்தது.

"செத்ததுதானே?" சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "செத்தது கணக்குல வராது. தூக்கிப் போடுங்க."

"குளிர்ல வந்திருக்கு. பார்த்தா செத்த மாதிரிதான் இருக்கும்," என்றாள். "சூடு ஏறட்டும்."

அதுதான் முறை. வெள்ளைத் தட்டில் வைத்து விளக்கடியில் காத்திருக்க வேண்டும். உயிர் இருந்தால் உடம்பு சூடானதும் காலை உதறும். எத்தனையோ தடவை இப்படிக் காத்திருந்திருக்கிறார்கள். மற்ற நாட்களில் அவர் ஜன்னல் பக்கம் போய் நிற்பார். அவருடைய நாட்டுப் பழமல்லவா, கவலை இருக்கும். இன்று நகரவில்லை. அவள் பக்கத்திலேயே குனிந்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். அவருடைய சட்டைக்கை அவள் முழங்கையில் உரசிக்கொண்டிருந்தது. அவளும் நகரவில்லை.

விளக்கு மெல்ல இரைந்தது.

"அசைஞ்சுது," என்றார் அவர்.

சூப்பர்வைசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யோவ் வெளிநாடு! நீ யாரு பக்கம்யா? உங்க ஊர்ப் பழத்துக்கு நீயே வேட்டு வைக்கிறியே!"

"பின்னங்கால். நான் பார்த்தேன்."

அவள் லென்ஸை எடுத்தாள். முடிவு சொல்ல வேண்டியவள் அவள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும். அடுத்த பருவமும் இந்த மேசை இருக்கும், இந்த விளக்கு இருக்கும். வெளியே கேமராக்காரன் அதை இரண்டு நாட்டுக்கும் சொல்லிவிடுவான். தூதரகக் கதவுக்கு அடித்த வண்ணம் காயுமுன் கதவு மூடிக்கொள்ளும். அங்கே யாரோ ஒரு தோட்டக்காரர் பழத்தைக் குழியில் கொட்டுவார். அதற்குச் சாட்சி சொன்னது தங்கள் ஆளேதான் என்று தெரிந்தால், இவரை அவருடைய ஊரில் யார் வாசலில் ஏற்றுவார்கள்?

லென்ஸுக்குள் வண்டு பெரிதாக, காய்ந்து, கருப்பாகக் கிடந்தது. ஊசிமுனையால் தொட்டாள். பின்னங்கால் உடைந்து தட்டில் விழுந்தது.

"செத்தது," என்றாள்.

"நல்லா பாருங்க ஆபீசர்," என்றார் வெளிநாட்டு ஆய்வாளர்.

"பார்த்துட்டேன்."

"இன்னொரு தடவ."

அவள் இன்னொரு தடவை குனிந்தாள். கண்ணில் நீர் கோத்திருந்ததால் எதுவும் தெரியவில்லை. "இல்லைங்க," என்றாள். "உயிர் இல்ல."

சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டார். "வயித்துல பால் வார்த்தீங்க மேடம். இந்த மனுஷனுக்குக் கண்ணாடி மாத்தணும்." அவர் விசிலடித்துக்கொண்டே வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஆட்களின் சத்தமும், கண்டெய்னரை இழுத்துக்கொண்டு லாரி நகரும் உறுமலும் கேட்டன. யாரோ கைதட்டினார்கள்.

அறையில் அவர்கள் இருவரும் நின்றார்கள். இத்தனை வருடத்தில் வேலைக்கு வெளியே அவரிடம் அவள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

அவர் கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். சுமை தூக்குபவர்களிடம் கற்ற மொழியில் இதற்கு வார்த்தை இருக்கிறதா என்று தேடுவது போலிருந்தது.

"அசையணும்னு நெனச்சேன்."

அவள் தலையசைத்தாள். "நானும்தான்," என்றாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால், வந்திருக்க வேண்டும்.

வழக்கப்படி சோதனை முடிந்ததும் விளக்கை அணைப்பது அவருடைய வேலை. சுவிட்ச் வரை போன கை அங்கேயே நின்றது.

"அணைக்கட்டுமா?"

"இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம்."

அவர் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றார். தட்டில் கிடந்ததை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.