சம்பந்திக்கு வைத்த மூன்று பாட்டில்

கிட்ட வாங்க கண்ணுகளா, கால் நீட்டி உட்காருங்க. வயிறு குலுங்க ஒரு கதை இருக்கிறது. நானே கண்ணால் பார்த்தது.

கொரியாவில், எங்கள் சொங்ஜு ஊர் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் தொக்சு. மகள் போராவுக்கு வரன் கூடிவந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "கடைச் சரக்கைத் தொடமாட்டேன், வீட்டில் ஊறினதுதான் குடிப்பேன்" என்று போனில் சொல்லிவிட்டார்.

"நானே பீர் காய்ச்சுறேன், சம்பந்தி! நுரை மீசையில ஒட்டும்!" என்றார் தொக்சு. அதுவரை அவர் காய்ச்சியது ராமியன் நூடுல்ஸ் மட்டும்தான்.

எப்படியோ காய்ச்சிவிட்டார். பன்னிரண்டு பாட்டில். ஒவ்வொன்றிலும் நுரை கட்டுவதற்குக் கொஞ்சம் சர்க்கரை போட்டு, மூடி அடித்து, பால்கனியில் கிம்ச்சி ஊறுகாய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். பதினான்காம் நாள் சம்பந்தி வருகிறார். வெளியே பனி கொட்டுகிறது.

பொறுமை இருந்தால்தானே! தினம் ஒன்றைத் திறந்தார். புஸ் என்ற சத்தம்கூட இல்லை.

"ஏங்க, விதை போட்டுட்டு தினம் தோண்டிப் பார்த்தா முளைக்குமா?" என்றாள் மனைவி மல்சுக்.

"சோதனை பண்றேன்டி."

"சோதனைக்கு ஒரு வாய் போதாதா? பாட்டிலே காலியாகணுமா?"

"திறந்ததுல காத்துப் போயிடும். வீணாக்கச் சொல்றியா?"

ஒன்பதாம் நாள் மீதி மூன்று. தொக்சு தலையில் கைவைத்தார். "செத்த பீரை வச்சா, வாய்ச்சவடால் வீடுன்னு நினைச்சுடுவாரே. பொண்ணு வாழ்க்கை!"

மறுநாள் அவர் பொதுக் குளியல் கூடத்திலிருந்து வந்தபோது பால்கனி காலி. எங்கள் வீடுகளில் குளிருக்குத் தரையடியில் சூடேற்றுவோம்; அறை மூலையில், அந்தத் தரை நன்றாகச் சுடும் இடத்தில், மூன்று பாட்டிலும் பட்டுப் போர்வைக்குள் படுத்திருந்தன. மல்சுக் அவித்த சோயாவைப் புளிக்க வைக்கும் இடம் அது.

"பீர் என்ன சோயாவாடி?"

"குளிர்ல உங்களாலயே எழுந்திருக்க முடியலை. அதால மட்டும் எப்படிங்க முடியும்?"

அந்த ஞாயிறு பேரிக்காய் நறுக்கிக் கொடுக்க நானும் போயிருந்தேன். தலைமையாசிரியர் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் வழக்கப்படி பெரியவருக்கு ஊற்றுவதென்றால் இரண்டு கையும் வேண்டுமே. மாப்பிள்ளைப் பையன் ஒரு பாட்டிலைப் போர்வையிலிருந்து சுடச்சுட எடுத்து, மண்டியிட்டு, பவ்யமாகத் திறந்தான்.

டமார்! மூடி விளக்கில் மோதியது. நுரை தலைமையாசிரியரின் மூக்குக்கண்ணாடியை மூடியது.

போரா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். உதட்டை நக்கினார். "எங்க வச்சீங்க?"

"சுடுதரையில... என் வீட்டுக்காரி..."

அவர் தன் மனைவி பக்கம் திரும்பினார். அந்தம்மா முந்திக்கொண்டாள்: "நாலு வருஷமா சொல்றேன், அரிசிக்கள்ளைப் பால்கனியில வைக்காதீங்கன்னு. கேட்டீங்களா? மல்சுக் அம்மா, எத்தனை போர்வை போட்டீங்க?"

"ஒண்ணுதான் சம்பந்தியம்மா. ஆனா கல்யாணப் போர்வை."

இரண்டு பெண்களும் போர்வைக் கணக்கில் இறங்கிவிட்டார்கள். பனியில் ஆறவைத்த இரண்டாவது பாட்டிலை ஆண்கள் பங்கு போட்டார்கள். மூன்றாவதை நோக்கித் தொக்சுவின் கை நீண்டது. தலைமையாசிரியர் அதைத் தட்டிவிட்டார்.

"அது கல்யாணத்தன்னைக்கு. தேதியைச் சொல்லுங்க."

உங்கள் வீட்டு அடுப்பும் தரையும் என்றும் சூடாக இருக்கட்டும், கண்ணுகளா. பொங்குவதெல்லாம் சிரிப்பாகவே பொங்கட்டும்.