ப்ளோயர் ஓடும் வரை

மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த பொருளைக் குறை சொல்லக் கூடாது என்பது ஃபோர்மனின் கொள்கை. அதனால் அந்த இலை ஊதும் ப்ளோயரைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரிக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டார், அவ்வளவுதான். வயர் கிடையாது, பெட்ரோல் கிடையாது, பேட்டரியை மாட்டி விசையை அழுத்தினால் போதும், குனிந்து பெருக்கி இடுப்பை ஒடித்துக்கொள்ள வேண்டாம் என்று மாப்பிள்ளை போனில் நீட்டி முழக்கியபோது "ம், சரி" என்றார். எதற்கும் அவர் "ம், சரி" என்றுதான் சொல்வார்.

ஃபோர்மன் என்பது பழைய உத்தியோகம். தகர டப்பா செய்யும் ஃபாக்டரி அது. அதை இழுத்து மூடியதை முதலாளிகூட மறந்துவிட்டார், ஃபோர்மன் என்ற பெயர் மட்டும் இவரோடு ஒட்டிக்கொண்டது. தகட்டை அடித்து மூடி வெட்டும் பிரஸ்கள் வரிசையாக ஓடும் அந்தக் கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதே இல்லை. குரலை விட்டுவிட்டு உதட்டை நன்றாக அசைத்துப் பேசுவார்கள், எதிரே இருப்பவர் அதைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கூடத்தின் ஒரு கோடியில் நின்றுகொண்டு மறு கோடியில் இரண்டு பெண்கள் தன்னைப் பற்றி என்ன வம்பளக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார் ஃபோர்மன். அப்படி வம்பளந்தவர்களில் ஒருத்தியைத்தான் கட்டிக்கொண்டார். மூடி சரிபார்க்கும் பிரிவில் இருந்தாள். "உங்க வீட்டுக்கு வந்து பேசட்டுமா?" என்று இவர் சத்தமில்லாமல் கேட்டதும், "அதுக்கு இவ்வளவு நாளா?" என்று அவள் சத்தமில்லாமல் சொன்னதும் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு ரகசியம்கூடத் தங்காத இடம் அது.

சம்பளம் கொடுத்த பிரஸ், காதை எடுத்துக்கொண்டது. ஒரேயடியாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் அழைப்பு மணி போனது, பிறகு குழந்தைகள் குரல், பிறகு மனைவி குரல். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. காது மந்தமான ஒரு கிழட்டு ஃபிட்டரைக் கூடம் முழுக்கக் கேலி செய்து சிரித்த காலத்தில் சிரிப்பை ஆரம்பித்து வைத்ததே இவர்தான். அந்தச் சிரிப்பு தன் பக்கம் திரும்புமே என்ற பயம். பயம் என்று சொன்னால் கோபம் வரும், வீம்பு என்று வைத்துக்கொள்வோம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம்தான். ஆனால் "ம், சரி" என்ற இரண்டு சொல்லை வைத்து அவர் பல வருஷம் மறைத்துவிட்டார். உதட்டை உற்றுப் பார்த்தால் அதே கூடத்தில் இருந்தவளுக்குக் குட்டு தெரிந்துவிடும் என்று மனைவி முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். சந்தேகப்பட்டு மகள் ஒருமுறை காது டெஸ்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்து பட்டனை அழுத்த, சத்தம் கேட்கும்போதெல்லாம் இவர் கையைத் தூக்க வேண்டும். பட்டனை அழுத்தும்போது அந்தப் பெண்ணின் தோள் லேசாக அசைந்தது. ஒரு மைல் தூரத்து உதட்டைப் படித்த மனிதருக்கு ஒரு தோளைப் படிப்பது பிரமாதமா? வயசுக்கு இந்தக் காது ரொம்ப நல்ல காது என்று டாக்டரே கை குலுக்கி அனுப்பினார். வண்டியில் திரும்பி வரும்போது ஃபோர்மனுக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் முகம் ஏன் அப்படி விழுந்துபோனது என்று அவர் யோசிக்கவில்லை. காது நன்றாக இருக்கிறது என்றால், இத்தனை நாளும் அவள் சொன்னது எல்லாம் அந்தக் காதில் விழுந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இன்று காலை மகள் காரோடு வந்திருந்தாள். அம்மாவை இரண்டு வாரம் தன்னோடு வைத்திருக்கப் போகிறாளாம். பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தது ஃபோர்மன்தான். இரண்டு வாரத்துக்கு இவ்வளவு கனமா என்று தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதிலைக் கேட்டாக வேண்டும்.

கிளம்புவதற்கு முன் மகள் அலமாரி மேலிருந்த பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள். அவர் முகத்துக்கு நேராக வந்து, "அப்பா, அவர் ஆசையா வாங்கிக் கொடுத்தது. ஒரு தடவையாவது ஓட்டுங்க, வீடியோ எடுத்து அனுப்பறேன்" என்றாள். பேட்டரி சார்ஜ் ஏறும்வரை எல்லோரும் காபி குடித்தார்கள். பிறகு ஃபோர்மன் பெட்டியில் இருந்த கறுப்புக் கண்ணாடியையும் காதுக் கவசத்தையும் மாட்டிக்கொண்டு கொல்லைப்புறத்தில் இறங்கினார்.

நடுவில் ஒரு பெரிய மரம், அதன் கீழே ஒரு வாரத்துச் சருகு. தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடும் கம்பி, மதிலோரம் சரளைக்கல் பாதை. எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் வைத்து மதிலைப் பார்த்து ஊதினார். போன சருகெல்லாம் மதிலில் மோதித் திரும்பி வந்து அவர் சட்டைக்குள் புகுந்தது. மகள் அதை வீடியோ எடுத்துக்கொண்டாள். ஆனால் மெஷினோடு பிறந்த மனிதர், சீக்கிரம் சூட்சுமம் பிடிபட்டது. சுவரோரத்தில் ஆரம்பித்து வெளிப்பக்கம் தள்ள வேண்டும், குழாய் தரையை ஒட்டி இருக்க வேண்டும், சரளை மேல் போகும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். ஈரச் சருகோடு மல்லுக்கட்டக் கூடாது, அதைக் காயவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கொல்லை ஏறக்குறைய சுத்தம். விரித்து வைத்த பழைய போர்வை மேல் சருகு குவிந்தது. மாப்பிள்ளை பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மரத்தைச் சுற்றித் திரும்பியபோதுதான் பின்வாசல் படியில் அம்மாவும் மகளும் நிற்பது தெரிந்தது. மகள் போனை இறக்கிவிட்டிருந்தாள். மனைவி பேசிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் இருக்கும்வரை அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள். இவர் காது நல்ல காது ஆயிற்றே! இப்போது மெஷின் சத்தம் துணைக்கு வந்துவிட்டது. சத்தம் வந்ததும் அவள் வாயும் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது, குரலை விட்டுவிட்டு உதட்டை அகல அகல அசைத்தாள். மகளும் அப்பா அம்மா இப்படிப் பேசுவதைப் பார்த்து வளர்ந்தவள்தான். இவருக்கும் உதடு படிக்கத் தெரியும் என்பதை மனைவி மறந்துபோனாளா? மறக்கவில்லை. வருஷக்கணக்காகத் தன் முகத்தையே பார்க்காத மனுஷன் இன்றைக்கா பார்க்கப் போகிறார் என்று இருந்துவிட்டாள்.

"ரெண்டு வாரம்னு சொல்லியிருக்கேன். நான் திரும்பி வரப்போறதில்ல" என்றாள்.

ஃபோர்மன் கையில் குழாய் அப்படியே நின்றது. காற்று ஒரே இடத்தில் மண்ணைப் பறித்தது. சட்டென்று அசைத்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் தன் கண் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

"அம்மா, அப்பாகிட்ட ஒரு தடவை பேசிப் பார்க்கலாமே."

"எத்தனை தடவை? எல்லாம் செவிடன் காதுல ஊதின சங்கு. செவிடா இருந்தாலாவது மனசு ஆறும்டி. நல்லாக் கேக்குதுன்னு டாக்டரே சொல்லிட்டாரே."

சுத்தம் செய்ய இனி ஒன்றும் பாக்கி இல்லை. மெஷினை நிறுத்தினால் அவள் பேச்சும் நின்றுவிடும். ஃபோர்மன் போர்வைப் பக்கம் திரும்பி, குவித்து வைத்த சருகை ஒரே ஊதில் கலைத்துவிட்டார். கொல்லை முழுக்கச் சருகு பறந்தது. பிறகு முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தார்.

"என்னம்மா, சுத்தம் பண்ணினதையே கலைக்கிறாரு?"

"என்னைக்கு அவர் செஞ்சது நமக்குப் புரிஞ்சிருக்கு?" என்றாள் மனைவி. பிறகு, "எங்க அக்கா செத்துப்போன அன்னைக்கு நடந்தது ஒண்ணு உனக்குச் சொல்லல" என்றாள்.

பேட்டரியில் பச்சை விளக்குகள் குறைந்துகொண்டே வந்தன. ஃபோர்மன் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கினார். சருகு நகரவே இல்லை. அவருக்குச் சருகு எதற்கு, சத்தம் இருந்தால் போதும்.

"போன் வந்துச்சு. சமையல்கட்டுல நின்னுக்கிட்டு, 'ஏங்க, அக்கா போயிட்டாங்க'ன்னு சொன்னேன். பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. 'ம், சரி'ன்னாரு. பக்கத்தைத் திருப்பினாரு. நான் அடுப்பை அணைச்சுட்டு, தனியா உக்காந்து அழுதுட்டு, முகம் கழுவிக்கிட்டு வந்தேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்டி."

அந்த நாள் அவருக்கு நினைவு இருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் வாயைப் பார்த்துத்தான் சாவுச் செய்தி அவருக்குத் தெரிந்தது. அவளுக்கும் அப்போதுதான் தெரியும் என்று நினைத்து ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார். அவள் கையை உதறினாள். துக்கத்தில் உதறுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய மடையன்!

ப்ளோயர் ஒருமுறை இழுத்தது. நின்றுவிட்டது.

படியில் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். மகள் போனைப் பார்த்தாள். மனைவி சாதாரண முகத்தோடு கையை வீசி, போதும் வாங்க என்று சைகை காட்டினாள்.

இப்போதும் ஒரு "ம், சரி" போட்டுவிட்டு உள்ளே போகலாம். கார் கிளம்பிவிடும். காது கேட்காதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்வதற்கு வீட்டில் ஆளே இருக்காது.

ஃபோர்மன் மெஷினைத் தரையில் வைத்தார். கவசத்தையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டுப் படிக்குக் கீழே வந்து நின்றார்.

"எனக்குக் காது கேக்காது" என்றார்.

எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"டெஸ்ட் பொய். அந்தப் பொண்ணு தோளைப் பார்த்துப் பார்த்துக் கையைத் தூக்கினேன். உங்க அக்கா செய்தியை நீ சொன்னதே எனக்குத் தெரியாது. இப்பதான், இங்கேருந்து, உன் வாயைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். சத்தியமா தெரியாது."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவிக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். உதடு படபடத்தது. "இத்தனை வருஷமா? வெக்கப்பட்டுக்கிட்டா? என்கிட்டயா? நான் கத்திக் கத்திச் செத்தேனே, அதைப் பார்த்துக்கிட்டு பேப்பர் படிச்சீங்களா?" ஒரு வார்த்தை விடாமல் அத்தனையும் அவருக்குப் புரிந்தது. தலையைக் குனியவேண்டும்போல் இருந்தது. குனிந்தால் மீதி தெரியாமல் போகும் என்று நிமிர்ந்தே வாங்கிக்கொண்டார்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். அவரை உற்றுப் பார்த்தாள். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை. பிறகு வேண்டுமென்றே திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள்.

ஃபோர்மன் காத்திருந்தார். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. "ம்" வரை வந்த வாயை மூடிக்கொண்டார்.

"கேக்கல. என்ன சொன்னே?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வராத கேள்வி அது. அவள் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. சத்தத்தை விட்டுவிட்டு, உதட்டை மட்டும் அசைத்து, நிதானமாகச் சொன்னாள்.

"சட்டையை மாத்திக்கிட்டு வாங்க. நீங்களும் வரீங்க."

முதல் தடவையே அவருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. இருந்தாலும், "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

சொன்னாள்.