இருசம்மாள் எழுதச் சொன்ன உறவு

காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு மர நிரைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். காளிமுத்துவின் பேர் மட்டும் வரவில்லை. முப்பத்தாறு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, கத்தியும் வாளியுமாகக் கூட்டம் கலையும்வரை நின்றார்.

"ஆபீசுக்குப் போங்க. கிராணி கூப்பிடுறாரு" என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர்.

அது 1953. மலாயாவில் அலோர் காஜா பக்கம் இருந்த அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று வாசலில் துப்பாக்கிக் காவல். பதிவில் பேர் உள்ளவர்களுக்குத்தான் வேலிக்குள் வீடு. அவர்களுக்குத்தான் அரிசி அளப்பார்கள்.

கணக்கெழுதும் கிராணி சேகரன் நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"கை நடுங்குது பெரியவரே. மரமெல்லாம் காயம். தொரை பேர வெட்டிட்டாரு. மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணணும். ஊருக்குப் போறதா இருந்தா கப்பல் டிக்கெட்டு தோட்டத்துல குடுப்பாங்க."

"எந்த ஊருக்குங்கய்யா? அங்க எனக்கு யாரு இருக்கா?"

சேகரன் பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

"புதுசா சேமநிதின்னு சம்பளத்துல பிடிச்சீங்களே?"

"பிடிக்க ஆரம்பிச்சே ஒரு வருசந்தான ஆவுது. எழுதிப் போடுறேன். வந்தாலும் நாலு மாசத்துக்குக் காணாது."

காளிமுத்து பதினெட்டு வயதில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். ஊரில் இருந்த அண்ணனும் செத்துப்போய், கடிதமும் நின்றுவிட்டது. மனைவி ஜப்பான்காரன் காலத்துக் காய்ச்சலில் போனாள். சயாம் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போன ஒரே மகன் திரும்பி வரவில்லை.

மறுநாள் பஸ் ஏறி மலாக்காவுக்குப் போனார். முன்பு தோட்டத்தில் கூட வேலை பார்த்த தம்புசாமி தெங்கேராவில் மளிகைக் கடை வைத்திருந்தார். காப்பி வாங்கிக் கொடுத்தார், முதுகைத் தடவினார்.

"ரெண்டு நாளுன்னா இருங்கண்ணே. அதுக்கு மேல போலீசு வந்து யாரு என்னன்னு கேப்பான். வம்பு லா" என்றார்.

காளிமுத்து அன்றைக்கே திரும்பிவிட்டார்.

மாதக் கடைசி சனிக்கிழமை. துரை முன்னால், ஊருக்குப் போகச் சம்மதிக்கும் கப்பல் தாளை வைத்து, காளிமுத்துவின் கட்டைவிரலில் மை தடவியாயிற்று. அப்போது இருசம்மாள் உள்ளே வந்தாள். காளிமுத்துவின் பக்கத்து வீட்டுக்காரி; புல்வெட்டுக் கூட்டத்தில் வேலை. ஐம்பது வயது இருக்கும். புருசன் செத்துப் பத்து வருடம், பிள்ளையும் இல்லை. வெட்டின புல் சேலையில் ஒட்டியிருந்தது.

"தொரை, அவரு எங்கயும் போவல. அவரு என் வீட்டுக்காரரு. வேலைக்காரியோட புருசன் வீட்டுல இருக்கலாமில்ல? என் பதிவுல அவரு பேர எழுதச் சொல்லுங்க."

சேகரனின் பேனா நின்றது. லயத்தில் இந்த அம்மாள், 'காளிமுத்தண்ணே' என்று கூப்பிடுவதை அவர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்.

துரை தமிழில் கேட்டார். "உண்மையா கிராணி?"

பொய் என்று தெரிந்தால் சேகரனின் வேலை போய்விடும். பேனாவை மையில் தொட்டுக்கொண்டார்.

"உண்மைதான் சார். பதிவுல எழுதாம விட்டிருக்கோம்."

துரை காளிமுத்துவைப் பார்த்தார். "நீ சொல்லு."

காளிமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இல்லை என்று சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் இத்தனை பேர் முன்னால் இருசம்மாள் என்ன ஆவாள்? அவள் தலை குனிந்து நின்றாள்.

"ஆமாங்க தொரை" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் காளிமுத்து கேட்டார்.

"என்ன காரியம் பண்ணிட்ட தாயி? லயத்துல ஒன்ன என்னவெல்லாம் பேசுவாங்க?"

"பேசட்டும். பேசுறவங்க யாராவது ஒங்களுக்கு ஒரு பிடி அரிசி குடுக்க முடியுமா? பதிவுல எழுதியாச்சு. இனிமே ஒங்கள யாரும் வெளிய போன்னு சொல்ல முடியாது."

பேசத்தான் செய்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் வேலாயி எல்லாருக்கும் கேட்கும்படி, "நேத்துவரைக்கும் அண்ணன், இன்னிக்குப் புருசன்!" என்றாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். இருசம்மாள் வாளி நிறையும்வரை நின்று, தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள்.

காளிமுத்து அவள் வீட்டு வாசல் தாழ்வாரமான அஞ்சடியில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டார். மழை நாளில் மட்டும் உள்ளே, அடுப்படி ஓரம். அவள் வேலை முடிந்து வரும்போது சோறு வடித்து வைத்திருப்பார். தன் தட்டில் எப்போதும் குறைவாகப் போட்டுக்கொள்வார். அவள் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி போடுவாள்.

சேமநிதிக் காசு ஆறு மாதம் கழித்து வந்தது. அப்படியே அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அந்தக் காசில் நாலு பெட்டைக் கோழி வாங்கி, வேலி ஓரமாகக் கூண்டு கட்டினார். வாசல் காவல்காரர்கள் முட்டை வாங்கினார்கள்.

"இந்த மாசம் உப்பும் மண்ணெண்ணெயும் என்னோடது" என்று ஒரு நாள் சொன்னபோது, அவர் முதுகு நிமிர்ந்திருந்ததை இருசம்மாள் கவனித்தாள்.

நாலாம் வருடம், ஒரு மத்தியானம், கோழிக்குத் தீனி போட்டுவிட்டு அஞ்சடியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. புல் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து இருசம்மாளைக் கூட்டிவந்தார்கள். ஆண்கள் பாடை கட்டினார்கள். கொள்ளி வைக்கப் பிள்ளையில்லாததால், வேலாயியின் புருசன் முனியாண்டி சட்டி தூக்கினார்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போன பிறகு பெண்கள் தாலி அறுக்கும் சடங்குக்குக் கூடினார்கள். வேலாயிதான் பக்கத்தில் வந்தாள். குழாயடிப் பேச்சுக்குப் பிறகு இருசம்மாளிடம் அவள் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"கழுத்துல ஒண்ணுமில்லியே... கடேசி வரைக்கும் கட்டிக்கலியா?" என்று மெல்லக் கேட்டாள்.

"அண்ணனுக்கு யாரும் தாலி அறுக்கிறதில்ல வேலாயி."

கூடியிருந்த பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வேலாயி எழுந்து உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைத்து, கஞ்சி காய்ச்சி எடுத்துவந்து, இருசம்மாள் குடித்து முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.