ஒரு மாதிரி

அக்காவுக்குப் பேசிக்கொண்டிருந்த இடம் வெளிநாட்டில் இருந்தது. விமானத்தில் இரண்டரை மணி நேரம். நிச்சயத்துக்கு நாள் குறிக்கும் முன் யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று அம்மா நினைத்தாள். அப்பாவுக்கு விமானத்தில் காது அடைக்கும். அம்மாவே போனால் வேவு பார்க்க வந்ததாகிவிடும். சின்னவள் போனால் ஊர் சுற்றிப் பார்க்க வந்ததாக இருக்கும். வாயில்லாப் பூச்சி, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

தான் வேலை பார்க்கும் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் சின்னவள் கிளம்பினாள். கைப்பையில் அம்மா எழுதிக் கொடுத்த மூன்று கேள்விகள் இருந்தன. குடிப்பானா? கோபம் வருமா? வேறு ஏதாவது உண்டா? மூன்றாவதுக்கு அடியில் அம்மா இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அந்த வீட்டில் அவளுக்கு ஒதுக்கிய அறை மாப்பிள்ளையான லிஃப்ட்காரருடையது. அவர் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அந்தப் பெயர் அக்கா வைத்தது. மூன்று மாதமாக அக்கா தினமும் அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அத்தான் என்பதா, அண்ணா என்பதா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. அதனால் அவரைக் கூப்பிடவே இல்லை. அறையை விட்டுக்கொடுத்துவிட்டு அவர் ஹாலில் படுத்தார். ஆறடி ஆளுக்கு நாலரை அடி சோபா. மடிச்சு வச்சாச் சரியா இருக்கும் என்றார் அவருடைய அப்பா. மாமா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரோடு பேசினாலும் எதிரே சாலை இருப்பதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டே பேசுவார். அத்தை ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்ப்பவர். குளியலறையில் எது வெந்நீர்க் குழாய் என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். புதுத் துண்டில் கடைச் சீட்டு தொங்கியது. அதை வெட்டக் கத்தரிக்கோலும் பக்கத்திலேயே இருந்தது.

சனிக்கிழமை காலை அத்தை சமையலறையில் இருந்தபோது, சின்னவள் கதவைச் சாத்திவிட்டு அலமாரியைத் திறந்தாள். இஸ்திரி போட்ட சட்டைகள், ஒரு டெஸ்டர், இரண்டு கையுறைகள். மேஜை இழுப்பறையையும் இழுத்தாள். உள்ளே ஒரு துண்டுத்தாள். 'தங்கச்சியிடம் கேட்க' என்று மேலே எழுதியிருந்தது. ஒன்று, வேலை எப்படிப் போகிறது. இரண்டு, தண்ணீரில் ஏன் குளோரின் வாடை. மூன்று என்று போட்டு, அதற்கு மேல் ஒன்றும் தோன்றாமல் விட்டிருந்தார். முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் அவர் அவளிடம் கேட்டது, உப்பு வேணுமா என்பது மட்டும்தான்.

தாளை இருந்தபடியே வைத்தாள். வெளியே வந்ததும் அத்தை அவள் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தார்.

மத்தியானம் மூவரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். மாமா நடுவில், லிஃப்ட்காரர் அந்த ஓரம், அவள் இந்த ஓரம். பாதி வழியில் அவருக்கு அழைப்பு வந்தது. பக்கத்துக் கட்டடத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஓர் அம்மாள் தனியாக. படியேறிப் போனார்கள். உள்ளிருந்து கதவைத் தட்டித் தட்டி அழும் சத்தம் கேட்டது. கருவிப்பையும் உடன் வேலை செய்பவரும் வரும்வரை லிஃப்ட்காரர் கதவோடு கன்னத்தை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அந்த ஊர்ப் பாஷை. சின்னவளுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் அவருக்குள் இத்தனை பேச்சு இருக்கிறது என்பது புரிந்தது.

மாமா படியில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். "பையில என்ன இருக்குன்னு கேக்கறான். முட்டையாம். எத்தனை உடைஞ்சிருக்குன்னு எண்ணச் சொல்றான். நாலாம். மறுபடி எண்ணச் சொல்றான்." கொஞ்சம் பொறுத்து, "இப்ப மூணாம்" என்றார்.

இருபது நிமிடம். அழுகை நின்று, உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. கதவு திறந்து அந்த அம்மாள் வெளியே வந்தபோது, லிஃப்ட்காரர் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவு நடுவுல இருந்தாத்தான் என் புள்ளைக்கு வாய் திறக்கும் என்றார் மாமா.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். முதல் கேள்வி, குடிப்பானா. இல்லை. கோபம்? இல்லை. அப்புறம் எப்படித்தான் ஆள்? எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று சின்னவளுக்கு இருந்தது. கன்னத்தைக் கதவில் வைத்தது, முட்டை எண்ணச் சொன்னது, அந்தத் துண்டுத்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "ஆள் ஒரு மாதிரிம்மா" என்று தொடங்கினாள்.

அப்போது அத்தை கதவைத் தட்டினார். கையில் டீ. சின்னவள் பதறிப்போய், அப்புறம் பேசறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

சோதனைக் கூடத்தில் அந்தச் சொல்லை அவள் நாளெல்லாம் எழுதுவாள். கிணற்று நீர், ஒரு மாதிரி. குழாய் நீர், ஒரு மாதிரி. ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு எழுதக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். வீட்டில் அதற்கு வேறு பொருள். ஓர் ஆணை 'ஒரு மாதிரி' என்று சொன்னால், அதற்கு மேல் கேட்காமலே எல்லோரும் எல்லாம் புரிந்துகொள்வார்கள்.

டீ பாதி குடித்தபோதே அது அவளுக்கு உறைத்தது. ஏழு மணிக்குள் அம்மா மூன்று முறை கூப்பிட்டிருந்தாள். போன் சத்தமில்லாமல் மேஜையில் அதிர்ந்தது. எடுத்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கூச்ச சுபாவம்மா, என்னைவிட மோசம். அவ்வளவுதான். அவள் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். ஹாலில் மாமா சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டு கூப்பிட, போய் உட்கார்ந்து இரண்டு ஆட்டம் ஜெயித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவின் செய்தி வந்திருந்தது. அப்பா அவங்ககிட்டப் பக்குவமாச் சொல்லிட்டார், இப்போதைக்கு வேண்டாம்னு. நீ ஒண்ணும் காட்டிக்காம வந்து சேர்.

ஹாலுக்கு வந்தாள். சோபாவில் போர்வை மடித்து வைத்திருந்தது. லிஃப்ட்காரர் விடியும்போதே வேலைக்குப் போய்விட்டாராம். ஞாயிற்றுக்கிழமையில் என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மாமா செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் திருப்பவில்லை. அத்தையின் கண் இமைகள் வீங்கியிருந்தன. ஆனாலும் தட்டு வைத்தார், முட்டை வைத்தார். வழியில் சாப்பிட ஒரு டப்பாவும் கட்டி வைத்திருந்தார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கேட்டார்.

"எங்க பக்கத்துல உனக்கு ஏதாவது குறை வச்சுட்டமாம்மா?"

இல்லை அத்தை என்று சொல்ல வாயைத் திறந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டியது ஆமாம் என்பதுபோல் இருந்ததோ என்று பயந்து, மறுபடி ஆட்டினாள்.

அறைக்கு ஓடி அம்மாவைக் கூப்பிட்டாள். தப்பாகச் சொல்லிவிட்டேன், நல்ல மனுஷர், ரொம்ப நல்ல மனுஷர் என்றாள். அம்மா குரலைத் தாழ்த்தி, அவங்க யாரும் பக்கத்துல நிக்கறாங்களா என்று கேட்டாள். இல்லை என்று சின்னவள் சொன்னதை நம்பவில்லை. சரி சரி, நீ வாயைத் திறக்காத, முதல்ல பத்திரமா விமானத்துல ஏறு என்று வைத்துவிட்டாள். இருபத்தாறு வருடமாக அதிகம் பேசாத பெண், திடீரென்று இவ்வளவு பேசினால் யார் நம்புவார்கள்?

பிறகு அக்காவைக் கூப்பிட்டாள். அழுது முடித்த குரல். சின்னவள் எதையும் விடாமல் சொன்னாள். அலமாரியைத் திறந்தது, இழுப்பறை, லிஃப்ட், டீ, அந்தச் சொல்.

"சரி. வாய் தவறிடுச்சு. அம்மா திருப்பித் திருப்பிக் கூப்பிட்டாங்கல்ல. ஏன் எடுக்கல?" என்றாள் அக்கா.

கடையில் அளவு கேட்பது அக்கா. வங்கியில் பேசுவது அக்கா. பஸ்ஸில் சில்லறை கேட்பது, டாக்டரிடம் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வதுகூட அக்காதான்.

"நீ போயிடுவேன்னு."

போனில் பள்ளிக்கூட மணி போல ஏதோ கேட்டது. அவர்கள் வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிரில்தான், ஞாயிற்றுக்கிழமையும் அந்த மணி அடிக்கும். அது ஓய்ந்த பிறகு அக்கா சொன்னாள்.

"போனை அத்தைகிட்டக் குடு."

சமையலறையில் அத்தை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் போனை நீட்டினாள். நீட்டிவிட்டு, அதோடு போய்விட முடியாது என்று தோன்றியது. "தப்பு என்மேலதான் அத்தை. சொன்னதும் நான்தான், சரிபண்ணாம விட்டதும் நான்தான்" என்றாள். மொத்தம் இரண்டு நாளில் அவள் அந்த வீட்டில் பேசியதிலேயே நீளமானது அதுதான்.

அத்தை ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். நிறைய நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். ம் என்றார். இல்லம்மா என்றார். ஓரிடத்தில், அவன்கிட்ட நீயே சொல்லு, நாங்க சொன்னா எடுபடாது என்றார். ஹாலில் செய்தித்தாள் சத்தமின்றி மடங்கியது.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

"அக்கா வச்சுட்டா" என்றார் அத்தை. "உன்கிட்ட அப்புறம் பேசுவாளாம்."

அந்த அப்புறம் எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. கழுவிய தட்டு ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். சின்னவள் பக்கத்தில் நின்று, அதைத் துடைக்க ஆரம்பித்தாள்.