எட்டாவது தடி

ஜூன் 18, புதன். ஒரு சிறு பிழை. வெள்ளிக்கிழமை மல்கிரேவில் உள்ள ஒரு வீட்டுப் புகைபோக்கிக்குள் ஏழு தடிகள்தான் ஏற்றினேன். சான்றிதழில் எட்டு என்று எழுதிவிட்டேன். இன்று தடிகளைக் கழுவும்போது எட்டாவதில் கரியே படவில்லை என்று கண்டேன். திருத்த வேண்டும்.

இதை எழுதிய பிறகு சுஜீதனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிழையை எழுதி வைத்தால் பாதி தீர்ந்தது என்று நினைப்பவன் அவன். நாட்குறிப்பை மூடிக்கொண்டு, தென்கோளத்தின் ஜூன் குளிரில் நடந்து, ஸ்பிரிங்வேல் மாலை ஆங்கில வகுப்புக்குள் நுழைந்தான்.

அன்று ஒவ்வொருவரும் தங்கள் தொழிலின் வரலாற்றைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். சுஜீதன் ஆறு அட்டைகளில் எழுதி, அவற்றுக்கு இலக்கமும் இட்டு வைத்திருந்தான்.

"நத்தார் பப்பா வாற பாதையைக் கூட்டிறவர் வாறார், வழி விடுங்கோ!" என்றான் யதுஷன், புகைபோக்கி வழியே வரும் கிறிஸ்மஸ் தாத்தாவை நினைத்து. சுஜீதனோடு ஒரே அகதிப் படகில் வந்தவன் அவன். அந்த உரிமையில் எதையும் சொல்வான்.

சுஜீதன் அட்டைகளைப் பார்த்துத் திக்கித் திக்கிப் பேசினான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் புகைபோக்கிக்குள் ஏறியவர்கள் ஐந்து, ஆறு வயதுச் சிறுவர்கள். முழங்கால்கள் காய்த்துப் போக உப்புநீர் தேய்ப்பார்கள். உள்ளே சிக்கி மூச்சுத் திணறி இறந்தவர்கள் பலர். மேலே போய்ச் சேர்ந்தவன் புகைபோக்கியின் வாய்க்கு வெளியே பிரஷை நீட்டிச் சத்தம் போடுவான். தெருவில் நிற்பவர் அதைக் கண்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. பிறகு சட்டம் வந்தது. சிறுவர்களின் இடத்துக்குத் தடிகள் வந்தன. ஒன்றோடொன்றைத் திருகி, முனையில் பிரஷைப் பூட்டி, அடுப்படியிலிருந்து மேலே தள்ள வேண்டும்.

"இப்போது மேலே போய்விட்டது என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்டார்.

"முற்றத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும்," என்றான். சொன்னவுடன் மல்கிரேவ் வீட்டு முற்றம் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை அங்கே மழை. அந்த உயரத்துக்கு எட்டுத் தடி வேண்டும்; ஏழாவது தடியோடு பிரஷ் முட்டி நின்றது. மேல்வாயில் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டான். "அன்ரி, பிரஷ் வெளியில தெரியுதோ?" என்று உரக்கக் கேட்டான். சமையலறைப் பக்கத்திலிருந்து வீட்டுக்காரப் பவளராணி அன்ரியின் குரல் வந்தது: "ஓம் தம்பி, வடிவாத் தெரியுது!" போகும்போது பின்கதவடியில் அன்ரியின் செருப்பைப் பார்த்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, செருப்பு காய்ந்து கிடந்தது; அவர் முற்றத்துக்குப் போகவே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எட்டு என்று எழுதிக் கையெழுத்திட்டான். இது சிறு பிழை இல்லை.

அட்டைகளை மேசையில் போட்டுவிட்டு வெளியே ஓடித் தொலைபேசியை எடுத்தான்.

"அன்ரி, நான் சுஜீதன், புகைக்கூடு துப்பரவாக்க வந்தனான். நெருப்பு மூட்டினியளோ?"

"ஓம் தம்பி! நீர் செய்து தந்தது எவ்வளவு உதவி. பேரனைக் குளிக்க வார்த்து, சாம்பிராணி பிடிச்சு, மகள் நிரூபாவும் பிள்ளையும் நெருப்பு மூட்டின அறையிலயே படுத்திருக்கினம். புகையே இல்லை. கரித் தணல் மட்டும்தான்."

புகை இருந்திருந்தால் இருமியாவது எழும்பியிருப்பார்கள். கரித் தணலின் நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைபோக்கி அடைபட்டிருந்தால் அது அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

"நிரூபா அக்காவை எழுப்புங்கோ!"

"பாவம், தலையிடி எண்டு இப்பதான் கண்ணயர்ந்தவள்."

"யன்னல் எல்லாத்தையும் திறவுங்கோ! பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியில போங்கோ!"

"உமக்கென்ன விசரே? இந்தக் குளிருக்குள்ள பச்சைப் பிள்ளையையோ?"

"அன்ரி, நான் முழுக்கத் துப்பரவாக்கேல்லை!"

கைபேசி எங்கேயோ வைக்கப்படும் சத்தம். கதவு திறபட்டது. "நிரூபா" என்று அன்ரி கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் தடவை அது கூப்பிடுதலாக இல்லை.

பின்னால் வந்து நின்ற யதுஷனின் கைபேசியைப் பறித்து ஆம்புலன்சுக்கு முகவரி சொன்னான். இலக்கம், தெரு, ஊர், ஒன்றும் தடுமாறவில்லை.

மறுநாள் மத்தியானம் மருத்துவமனைக்குப் போனான். நிரூபாவுக்கு நினைவு திரும்பியிருந்தது. எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை. குழந்தை ஒட்சிசன் குழாயோடு கிடந்தது. இருபத்தாறு நாள் வயது. மூளைக்குப் பாதிப்பு உண்டா என்பது மாதக்கணக்கில் போனால்தான் தெரியுமாம்.

பவளராணி அன்ரி அவனை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். நடைபாதை மூலைக்குக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்தார். "அண்டைக்குப் பிள்ளை அழுதது தம்பி. நான் வெளியில வந்து பார்க்கேல்லை. மருமகனுக்குச் சொல்லிப்போடாதையும்."

வாகனத் தரிப்பிடத்தில் முதலாளி மகேந்திரராஜா காத்திருந்தார்; கரி படாத எட்டாவது தடியைப் பற்றி சுஜீதன் முன்னிரவே அவரிடம் சொல்லியிருந்தான். தீயணைப்புக்காரர் புகைபோக்கிக்குள்ளிருந்து உடைந்த செங்கல்லும் பழைய குருவிக்கூடும் எடுத்திருந்தார்கள்.

"செங்கல் பிறகு விழுந்தது. விளங்குதோ? நாளைக்கு விசாரணையில எட்டுத் தடியும் விட்டனான் எண்டு சொல்லு. அந்தத் தடியில கொஞ்சம் கரியைப் பூசிவிடு."

"அண்ணை, நான் ஏழுதான் விட்டனான்."

"அரிச்சந்திரன் எண்ட நினைப்போ? உன்ர விசா வழக்குக்கு வேலைக் கடிதம் தந்தது நான். வழக்கு ஒண்டு விழுந்தா உன்னை நாளைக்கே பிளேனில ஏத்துவாங்கள். பிள்ளை பிழைச்சிட்டுது. இனி நீ பிழைக்கிற வழியைப் பார்."

சுஜீதன் பேருந்துத் தரிப்பை நோக்கி நடந்தான். பேருந்தில், விசா, வழக்கு, பிள்ளை என்று அவர் சொன்னதை ஒவ்வொன்றாக யோசித்தான். எதிலும் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் குழந்தைக்கு ஒரு துளி மூச்சும் கூடப்போவதில்லை. சொல்லாவிட்டால் செங்கல்தான் குற்றவாளி. எல்லோருக்கும் அது வசதி.

அறைக்கு வந்து எட்டாவது தடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். கரிப் பை காலடியில் கிடந்தது. கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளினான். தடிக்கு மேலே கொண்டுபோனான். பிறகு கரியைப் பைக்குள்ளேயே கொட்டிவிட்டுக் கையைக் கழுவினான். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.

ஜூன் 19, வியாழன். நேற்றுச் சிறு பிழை என்று எழுதியது தவறு. பிரஷ் வெளியே வரவில்லை என்று எனக்கு அன்றே தெரியும். வெளியே போய்ப் பார்க்க வேண்டியவன் நான். அன்ரியின் செருப்பைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

நாளை: காலை பத்து மணி, விசாரணை. ஏழு என்று சொல்ல வேண்டும். எட்டாவது தடியை இருக்கிறபடியே கொண்டுபோக வேண்டும்.